சானடோரியமா, வீடா? சேத்துப்பட்டில் நடந்த ஒப்பீடு

மக்கள் பணமும் மருத்துவ ஆய்வும் – பகுதி 9

ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து காசநோயை அடக்கவல்லது என்பதையும், அதைத் தனித்துக் கொடுத்தால் சில மாதங்களுக்குள் கிருமிகள் அதற்குப் பணியாதவையாக மாறிவிடும் என்பதையும் பிரிட்டனின் மருத்துவ ஆய்வு கவுன்சில் 1948-இல் நிறுவிய வரலாறு சென்ற பகுதியில் கூறப்பட்டது. 107 நோயாளிகளைக் கொண்டு நடந்த அந்த ஆய்வில், ஆறு மாத முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். ஆனால் ஐந்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது இரு பிரிவுகளுக்கும் இடையே இருந்த இடைவெளி பெரிதும் சுருங்கிப் போயிருந்தது. மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற பாடம் அதிலிருந்து பிறந்தது. அந்தப் பாடத்துக்குப் பின் எஞ்சி நின்ற கேள்வி, மருந்தைப் பற்றியதாக இல்லாமல், அதை உண்ணும் நோயாளி எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பற்றியதாக இருந்தது. அக்கேள்விக்கான விடை இலண்டனிலோ நியூயார்க்கிலோ கிடைக்கவில்லை. 1956-க்கும் 1959-க்கும் இடையே சென்னையில் கிடைத்தது.

ஒரு பென்னியில் தொடங்கிய கவுன்சில்

இந்தக் கேள்வியின் முழுப் பொருளையும் உணர, மருத்துவ ஆய்வு கவுன்சில் பிறந்த விதத்தை ஒருமுறை நினைவுகூர்தல் வேண்டும். 1911-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசியக் காப்பீட்டுச் சட்டம், காப்பீடு பெற்ற தொழிலாளருக்குக் காசநோய் கண்டால் சானடோரியத்தில், அதாவது நல்ல காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தில் அமைந்த நெடுங்கால ஓய்வு மருத்துவமனையில், சிகிச்சை பெறும் உரிமையை வழங்கியது. அந்த ஏற்பாட்டுடன் சேர்த்து, காப்பீடு பெற்றவர் ஒவ்வொருவர் பெயரிலும் ஆண்டுக்கு ஒரு பென்னி வீதம் ஆய்வுக்கென ஒதுக்கவும் சட்டம் இடமளித்தது. இவ்வாறு சேர்ந்த நிதியைக் கையாள 1913-இல் அமைந்த குழுவே, 1920-இல் மருத்துவ ஆய்வு கவுன்சில் என்னும் பெயரைப் பெற்றது. சானடோரியச் சலுகையின் துணை விளைவாகத் தோன்றிய ஒரு பொது நிறுவனம், நாற்பதாண்டுகளுக்குப் பின் அந்தச் சானடோரியமே தேவையா என்று கேட்கும் நிலைக்கு வந்தது.

இந்தியாவிலும் ஏறத்தாழ அதே காலத்தில் ஓர் இணையான அமைப்பு உருவாகியிருந்தது. 1911-இல் நிறுவப்பட்ட இந்திய ஆய்வு நிதிச் சங்கம், விடுதலைக்குப் பின் 1949-இல் இந்திய மருத்துவ ஆய்வு கவுன்சில் எனப் பெயர் மாற்றம் பெற்றது. காலரா, பிளேக், மலேரியா முதலிய கொள்ளை நோய்களில் தொடக்க காலக் கவனத்தைச் செலுத்திய இந்நிறுவனம், 1950-களில் காசநோயின் பக்கம் திரும்பியது.

படுக்கைக் கணக்கு

இந்தியாவின் உடல்நல நிலையை ஆராய்ந்து 1946-இல் அறிக்கை அளித்த போர் (Bhore) குழு, நாட்டில் சுமார் 25 லட்சம் காசநோயாளிகள் இருப்பதாகவும், ஆண்டுதோறும் சுமார் 5 லட்சம் பேர் அந்நோயால் இறப்பதாகவும், அவர்களுக்கென நாடெங்கும் இருந்த படுக்கைகள் சுமார் 6,000 மட்டுமே எனவும் மதிப்பிட்டது. அடுத்த பத்தாண்டுகளில் படுக்கைகள் பெருகினவாயினும், நோயாளிகளின் தொகைக்கு முன்னால் அப்பெருக்கம் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆய்வு கவுன்சில் எக்ஸ்ரே கருவிகளுடன் நடத்திய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, மக்களில் நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்கு நுரையீரல் காசநோய் இருக்கலாம் எனவும், ஆயிரத்துக்கு நால்வர் அளவில் சளியில் கிருமியை வெளியேற்றுவோர் எனவும் காட்டியதோடு, நகரத்து நோய் எனக் கருதப்பட்ட அது சிற்றூர்களிலும் ஏறக்குறைய அதே அளவில் பரவியிருப்பதையும் வெளிப்படுத்தியது.

தமிழகத்தில் சானடோரியம் என்ற சொல் வேரூன்றியதற்குக் காரணமான தாம்பரம் மருத்துவமனையை டாக்டர் சௌரி முத்து 1928-இல் தொடங்கினார். பின்னர் அரசு அதை ஏற்று நடத்தியது. அதன் பெயரைத் தாங்கிய ரயில் நிலையம் இன்றும் புறநகர்த் தடத்தில் உள்ளது. அதற்கு முன்பே, மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் கிறித்தவ மிஷன்கள் கூடி அமைத்த சானடோரியம் தென்னிந்தியா முழுவதிலிருந்தும் நோயாளிகளை ஈர்த்து வந்தது. இத்தகைய இடங்களில் அனுமதி கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. கிடைத்த பின்னரும் ஓராண்டோ அதற்கு மேலோ குடும்பத்தையும் வேலையையும் விட்டுப் பிரிந்திருக்க வேண்டியிருந்தது. கூலிக்கு உழைப்பவருக்கு இது இயலாத காரியமாகையால், பலர் சற்றுத் தேறியதும் மருத்துவர் சொல்லைக் கேளாமல் வீடு திரும்பினர்.

சானடோரிய முறைக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு நம்பிக்கை இருந்தது. ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் பிரேமர் 1850-களில் மலைப்பகுதியில் அமைத்த நிலையத்திலிருந்து தொடங்கி, ஓய்வு, தூய காற்று, ஊட்டமான உணவு என்னும் மூன்றுமே காசநோயை ஆற்றும் என்ற கொள்கை உலகெங்கும் பரவியிருந்தது. நோயாளியைத் தனிமைப்படுத்துவதால் வீட்டார் காக்கப்படுவர் என்ற இரண்டாவது காரணமும் அதனுடன் சேர்ந்துகொண்டது. மருந்துகள் வந்த பின்னரும், மேலை நாட்டு மருத்துவர்கள் மருந்தை ஓய்வுடன் கூட்டியே கொடுத்தனர். எது குணப்படுத்தியது என்று பிரித்தறிய அவர்களுக்குத் தேவை ஏற்படவில்லை. படுக்கைகள் போதாத ஒரு நாட்டுக்கோ அந்தப் பிரிப்பு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

இரண்டு மருந்துகள், ஒரு கணக்கு

மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதன் அடிப்படை ஒரு நிகழ்தகவுக் கணக்கு. காசநோய்க் கிருமி பெருகும்போது, எந்த மருந்தும் தீண்டாத நிலையிலேயே, மிகச் சில கிருமிகள் தற்செயலான மரபு மாற்றத்தால் ஒரு குறிப்பிட்ட மருந்தைத் தாங்கும் ஆற்றலுடன் பிறக்கின்றன. ஐசோனியசிட் என்னும் மருந்தைப் பொறுத்தவரை அத்தகையவை ஏறத்தாழ பத்து லட்சத்துக்கு ஒன்று. நோய் முற்றிய நுரையீரலில் திசு அரித்து உண்டாகும் குழிவுகளில் கோடிக்கணக்கான கிருமிகள் வாழ்வதால், தனி மருந்து கொடுக்கப்படும்போது பணியும் கிருமிகள் மடிய, பணியாத சில மட்டும் எஞ்சிப் பெருகி இடத்தை நிரப்பிவிடுகின்றன. வெவ்வேறு வகையில் செயல்படும் இரண்டு மருந்துகள் ஒருங்கே கொடுக்கப்பட்டால், இரண்டையும் தாங்கும் கிருமி ஒன்று இருப்பதற்கான வாய்ப்பு, பத்து லட்சத்தைப் பத்து லட்சத்தால் பெருக்கி வரும் எண்ணில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது.

இந்தக் கணக்கை நடைமுறைக்குக் கொண்டுவரப் பொருத்தமான இரு மருந்துகள் 1950-களின் தொடக்கத்தில் கைவசம் இருந்தன. ஸ்வீடனின் யோர்கன் லேமான் 1940-களில் அறிமுகப்படுத்திய பாரா-அமினோ சாலிசிலிக் அமிலம், சுருக்கமாக பி.ஏ.எஸ்., ஒன்று, மற்றொன்று ஐசோனியசிட். ஐசோனியசிட் 1912-லேயே பிராகா நகரில் வேதியியல் ஆய்வொன்றின் போது உருவாக்கப்பட்டு, பயனறியப்படாமல் கிடந்த பொருள். 1952-இல் மூன்று மருந்து நிறுவனங்கள் தனித்தனியே அதன் ஆற்றலைக் கண்டறிந்தபோது, பழைய பொருளாகையால் எவரும் அதன் மீது காப்புரிமை கொள்ள இயலவில்லை. அதனால் அது மிக மலிவாகக் கிடைத்தது. இரண்டும் வாய்வழி உண்ணக்கூடியவை. நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்ள ஒருவரைத் தேடவேண்டிய அவசியமில்லாத இந்த இணையே, வீட்டிலிருந்தபடி சிகிச்சை பெறுதல் என்ற எண்ணத்துக்கு இடம் தந்தது.

நால்வர் கூட்டு

இந்திய அரசின் வேண்டுகோளின் பேரில் உலக சுகாதார நிறுவனம் பிரிட்டனின் மருத்துவ ஆய்வு கவுன்சிலை அணுக, இந்திய மருத்துவ ஆய்வு கவுன்சிலும் சென்னை மாநில அரசும் உடன் சேர, நான்கு பொது அமைப்புகளின் கூட்டுறவில் 1956-இல் சேத்துப்பட்டு ஸ்பர் டேங்க் சாலையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. ஐந்தாண்டுத் திட்டமாகவே அது தொடங்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் மூத்த மருத்துவ அலுவலராக வந்து ஆய்வை வழிநடத்திய வாலஸ் பாக்ஸ், இலண்டனில் பிலிப் டார்சி ஹார்ட்டின் தலைமையில் இயங்கிய காசநோய் ஆய்வுப் பிரிவில் பயின்றவர். கிருமியியல் பணிக்கு இலண்டனின் டெனிஸ் மிச்சிசன் வழிகாட்டினார். கங்காதரம், சுப்பையா, ராதாகிருஷ்ணா, தேவதத்தா, வேலு முதலிய இந்திய ஆய்வாளர்கள் உயிர்வேதியியல், கிருமியியல், புள்ளியியல், மருத்துவம் ஆகிய துறைகளை ஏற்று நடத்தினர். மையத்தின் அறிக்கைகள் பலவும் அவர்களின் பெயர்களைத் தாங்கி வெளிவந்தன.

ஆய்வு முறையைப் பொறுத்தவரை, ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் வகுத்த நெறியே இங்கும் பின்பற்றப்பட்டது. முதல் உலகப் போரின்போது காசநோய்க்கு ஆளாகி ஏறத்தாழ ஈராண்டு படுக்கையில் கழித்ததால் மருத்துவம் படிக்கும் வாய்ப்பை இழந்து, புள்ளியியலின் பக்கம் திரும்பியவர் ஹில். சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மருத்துவரிடமும் நோயாளியிடமும் விடாமல் குலுக்கல் முறைக்கு விடுவதே அந்நெறியின் சாரம். மருத்துவர் தேர்ந்தெடுத்தால் நலிந்தவரைச் சானடோரியத்துக்கும் தேறக்கூடியவரை வீட்டுக்கும் அனுப்புவது இயல்பாகையால், முடிவில் காணும் வேறுபாடு இடத்தால் வந்ததா, ஆளால் வந்ததா என்று சொல்ல முடியாமல் போகும். குலுக்கலில் இரு பிரிவுகளும் ஏறக்குறைய ஒத்த தன்மையுடன் அமைவதால், வேறுபாடு தோன்றினால் அதற்குச் சிகிச்சை நடந்த இடமே காரணம் என்று கொள்ள வழி பிறக்கிறது.

பொட்டலமும் சோதனைக் குழாயும்

சென்னை நகரின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த, சளியில் கிருமி உறுதி செய்யப்பட்ட, முன்பு சிகிச்சை பெறாத நோயாளிகள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். குலுக்கலில் ஒரு பிரிவினர் தாம்பரம் அல்லது மதனப்பள்ளி சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டனர். மறு பிரிவினர் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே காலம்: ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.-உம் ஓராண்டு. வீட்டுப் பிரிவினர் வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து அடுத்த ஏழு நாளுக்குரிய மருந்துப் பொட்டலங்களைப் பெற்றுச் சென்றனர்.

பி.ஏ.எஸ். உண்பதற்கு எளிய மருந்தன்று. நாளொன்றுக்குச் சுமார் பத்து கிராம் அளவில் விழுங்க வேண்டிய அதன் கசப்பும், வயிற்றில் அது உண்டாக்கும் குமட்டலும் கழிச்சலும், உடல் சற்றுத் தேறியதும் நோயாளியை அதைக் கைவிடத் தூண்டின. மருந்து வீட்டுக்குச் சென்றது என்பதாலேயே அது வயிற்றுக்குச் சென்றது என்று கொள்ள முடியாது என்பதை பாக்ஸ் நன்கு உணர்ந்திருந்தார். ஆகவே மையத்தின் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று, எஞ்சியிருந்த பொட்டலங்களை எண்ணிப் பார்த்ததோடு, சிறுநீரையும் சேகரித்து வந்தனர். பி.ஏ.எஸ். கலந்த சிறுநீரில் பெரிக் குளோரைடு கரைசலைச் சேர்த்தால் நிறம் மாறிவிடும். மாறாவிட்டால் அண்மையில் மருந்து உண்ணப்படவில்லை என்று பொருள். பெரும்பாலோர் ஒழுங்காக உண்டனர் என்றாலும், மருத்துவரிடம் ஆம் என்று தலையாட்டியவர் எல்லோரும் உண்டவர் அல்லர் என்பதையும் சோதனைக் குழாய் காட்டியது. யார் தவறுவார் என்று முன்கூட்டிக் கணிக்க மருத்துவர்களால் இயலவில்லை என்ற பாடமும் இதிலிருந்தே வந்தது. பிற்காலத்தில் நோயாளி கண்முன் மருந்தை விழுங்கச் செய்யும் முறைக்கு அதுவே அடித்தளமாயிற்று.

நோயின் போக்கை அறிய மாதந்தோறும் சளி எடுக்கப்பட்டது. காசநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகும் இயல்புடையது. முட்டையை முக்கியப் பொருளாகக் கொண்டு தயாரிக்கப்படும் ஊட்டத் தளத்தில் விதைத்து, உடல் வெப்ப நிலையில் வைத்து, ஆறு முதல் எட்டு வாரம் வரை காத்திருந்த பின்னரே கண்ணுக்குத் தெரியும் அளவில் அது வளரும். இவ்வாறு வளர்த்துப் பார்ப்பதையே கிருமி வளர்ப்பு என்பர். எக்ஸ்ரே படங்களை மதிப்பிட்டவருக்கு எந்தப் படம் எந்தப் பிரிவைச் சேர்ந்தவருடையது என்பது அறிவிக்கப்படவில்லை. தெரிந்திருந்தால் எதிர்பார்ப்பு மதிப்பீட்டில் கலந்துவிடும் என்ற எச்சரிக்கையே அதற்குக் காரணம்.

1959-இன் விடை

ஆய்வின் முடிவுகள் 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை இதழில் விரிவாக வெளியாயின. முதன்மைக் கணக்கில் கொள்ளப்பட்ட 163 நோயாளிகளில், ஓராண்டு முடிவில் கிருமி வளர்ப்பின்படி நோய் அடங்கியவர்கள் வீட்டுப் பிரிவில் நூற்றுக்கு 86 பேர், சானடோரியப் பிரிவில் நூற்றுக்கு 92 பேர். இந்த எண்ணிக்கையுள்ள பிரிவுகளில் அந்த ஆறு விழுக்காட்டு இடைவெளி தற்செயலாகவும் தோன்றக்கூடியது. இரு பிரிவினரும் அதன்பின் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். ஐந்தாண்டு முடிவிலும் இரு பிரிவினரின் நிலை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

இதனினும் வியப்பூட்டியது உணவு பற்றிய கண்டுபிடிப்பு. சானடோரியத்தில் இருந்தோர் பாலும் முட்டையும் இறைச்சியும் அடங்கிய உணவை உண்டு, நாள் முழுதும் ஓய்வு கொண்டனர். வீட்டில் இருந்தோர் பெரும்பாலும் அரிசிச் சோற்றைக் கொண்டு காலம் தள்ளினர். நெரிசலான அறைகளில் உறங்கினர். பலர் உடல் தேறத் தேற வேலைக்கும் திரும்பினர். சானடோரியத்தாரின் எடை வெகுவாகக் கூடியது. வீட்டாருக்கு அந்த அளவில் கூடவில்லை. எனினும் கிருமி அடங்குவதில் அந்த எடை வேறுபாடு எதிரொலிக்கவில்லை. 1961-இல் தனி அறிக்கையாக வெளிவந்த இம்முடிவு, உணவு தேவையற்றது என்று கூறவில்லை. போதிய மருந்து முறையாக உண்ணப்படும்போது, நல்ல உணவு கிடைக்காதது குணமடைவதற்குத் தடையாகாது என்றே அது கூறியது. வறுமையால் நோய் எளிதில் பற்றுகிறது என்பதும், வறியவரையும் மருந்தால் குணப்படுத்த முடியும் என்பதும் ஒன்றையொன்று மறுக்கும் கூற்றுகள் அல்ல.

மூன்றாவது கேள்வி வீட்டாரைப் பற்றியது. நோயாளி ஓராண்டு வீட்டிலேயே இருந்தால் மனைவி மக்களுக்கு நோய் தொற்றாதா என்ற அச்சமே இம்முறைக்கு எதிராக வைக்கப்பட்ட வலுவான வாதம். நோயாளிகளுடன் நெருங்கி வாழ்ந்தோர் எக்ஸ்ரே, தோல் சோதனை ஆகியவற்றால் ஐந்தாண்டு வரை தொடர்ந்து சோதிக்கப்பட்டனர். வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தில் நோய் கண்டவர் விகிதம், சானடோரியத்துக்குச் சென்றவரின் குடும்பத்தில் கண்டதைவிட அதிகமாக இல்லை. நோய் கண்டறியப்படுவதற்கு முன்பு, அதாவது எவரும் அறியாமல் நோயாளி இருமிக்கொண்டிருந்த மாதங்களிலேயே, தொற்றின் பெரும்பகுதி நிகழ்ந்துவிட்டது என்பதும், மருந்து தொடங்கியபின் கிருமியை வெளியேற்றும் தன்மை விரைவில் குறைந்துவிடுகிறது என்பதும் இதற்கான விளக்கம்.

கிருமியும் உடலும்

ஐந்தாண்டுத் திட்டம் நீட்டிக்கப்பட்டு மையம் நிலைபெற்றபோது, எந்த மருந்து எவ்வாறு வேலை செய்கிறது என்ற ஆழமான ஆய்வுக்கு அது இடமாயிற்று. பி.ஏ.எஸ். தொல்லை மிக்கதாகையால் ஐசோனியசிட்டை மட்டும் கொடுத்துப் பார்த்த அடுத்த ஆய்வு, தனி மருந்து இணை மருந்துக்கு ஈடாகாது என்பதை மீண்டும் காட்டியது. அதனூடே வேறொரு செய்தியும் கிட்டியது. ஒரே அளவு ஐசோனியசிட்டை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுப்பதைவிட ஒரே வேளையில் கொடுப்பது சற்றுக் கூடுதலாகப் பயன் தந்தது. நாள் முழுதும் இரத்தத்தில் மருந்து இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற அதுவரை நிலவிய கருத்துக்கு மாறாக, ஒருமுறை உயர்ந்து எட்டும் உச்ச அளவே கிருமியைத் தாக்குவதில் முக்கியம் என்று அது உணர்த்தியது. அதிக அளவில் கொடுத்தபோது சிலருக்குக் கை கால் நரம்புகளில் எரிச்சலும் மதமதப்பும் தோன்றின; பைரிடாக்சின் எனப்படும் பி6 வைட்டமின் சேர்த்துக் கொடுத்தபோது அது தவிர்க்கப்பட்டது.

ஐசோனியசிட்டை உடல் செயலிழக்கச் செய்யும் வேகம் ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது என்பதும் இக்காலத்தில் விரிவாக ஆராயப்பட்டது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி இம்மருந்துடன் அசெட்டைல் என்னும் மூலக்கூறுத் துணுக்கை இணைத்து அதன் ஆற்றலை நீக்குகிறது. பரம்பரையாக வரும் அந்த நொதியின் தன்மைக்கேற்ப மனிதர்கள் விரைவாக நீக்குவோர், மெதுவாக நீக்குவோர் என இரு வகைப்படுவர். தென்னிந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டாம் வகையினர். நாள்தோறும் மருந்து உண்ணும் முறையில் இந்த வேறுபாடு அவ்வளவாகப் பாதிக்காது. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் கொடுத்தால் விரைவாக நீக்குவோர் பின்தங்கிவிடுவர் என்பதைச் சென்னை ஆய்வுகள் பிற்பாடு காட்டின.

கிருமியிலும் ஒரு தனித்தன்மை தென்பட்டது. பிரிட்டனில் எடுத்த கிருமிகளையும் சென்னை நோயாளிகளிடமிருந்து எடுத்தவற்றையும் கினிப்பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்த மிச்சிசனும் அவருடைய துணைவர்களும், தென்னிந்தியக் கிருமிகளில் பல அவ்விலங்குகளில் குறைந்த வீரியமே காட்டின என்று 1960-இல் எழுதினர். ஒரே நோய்க்கிருமி என்று எண்ணப்பட்டதற்குள் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்ட குலங்கள் உண்டு என்று பிற்கால மரபணு ஆய்வுகள் உறுதிப்படுத்திய உண்மையின் முன்குறிப்பாக அது அமைந்தது.

நடைமுறையில் மிகுந்த விளைவை உண்டாக்கியது 1964-இல் வெளியான ஆய்வு. வாரத்துக்கு இருமுறை மட்டும் நோயாளியை வரவழைத்து, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியுடன் அதிக அளவு ஐசோனியசிட்டைப் பணியாளர் கண்முன் கொடுக்கும் முறை, நாள்தோறும் தாமே உண்ணும் முறைக்குச் சற்றும் குறையாத பலன் அளித்தது. மருந்தின் தாக்குதலுக்கு உட்பட்ட கிருமி சில நாள்கள் வரை மீண்டும் பெருகத் தொடங்குவதில்லை என்ற ஆய்வகக் கண்டுபிடிப்பு இதற்கு விளக்கம் அளித்தது.

ஆய்விலிருந்து திட்டத்துக்கு

சென்னை முடிவுகளை நாடு தழுவிய நடைமுறையாக்கும் பொறுப்பு, 1959-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனத்திடம் சேர்ந்தது. பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநராக உயர்ந்த ஹால்ப்டன் மாலர் அங்கே பணியாற்றினார். சிற்றூர்களில் காசநோய் அறிகுறி உள்ளோரில் பாதிக்கு மேற்பட்டோர் தாமாகவே ஏதேனும் ஒரு மருத்துவ நிலையத்தை நாடிச் சென்றிருந்தனர் என்றும், அங்கே அவர்களுக்குச் சளிச் சோதனை நடக்காமல் இருமல் மருந்து மட்டுமே கிடைத்தது என்றும் அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பானர்ஜியும் ஆண்டர்சனும் 1963-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். தனி மருத்துவமனைகளைக் கட்டாமல், இருக்கும் பொது மருத்துவ நிலையங்களிலேயே சளிச் சோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கச் செய்வது என்ற கொள்கையுடன் 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் இந்த இரு நிறுவனங்களின் முடிவுகள் மீது எழுப்பப்பட்டது.

திட்டத்தின் பலன் ஆய்வின் பலனை எட்டவில்லை. சேத்துப்பட்டில் ஒவ்வொரு நோயாளியின் பின்னாலும் வீடு தேடிச் செல்லும் பணியாளர்களும் சோதனை வசதிகளும் இருந்தன. மாவட்டங்களில் மருந்து இருப்பே பல வேளைகளில் தவறியது. 1992-இல் நடந்த மறுமதிப்பீட்டில், சிகிச்சையைத் தொடங்கியவரில் பாதிக்கும் குறைவானவரே அதை நிறைவு செய்தனர் என்று தெரியவந்தது. ஓய்வையும் படுக்கையையும் நீக்கலாம் என்ற முடிவை ஏற்ற அரசுகள், கண்காணிப்பை நீக்கக்கூடாது என்ற மறுபாதியைப் போதிய நிதியுடன் ஏற்கவில்லை. 1993 முதல் சோதனையாகவும் 1997 முதல் விரிவாகவும் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட திட்டம், கண்முன் மருந்து கொடுக்கும் முறையை மையமாகக் கொண்டது. 1960-களில் சென்னை ஆய்வு வகுத்த வழி, முப்பதாண்டு சென்று உலகச் சுற்றாக நாட்டுக்கே திரும்பி வந்தது. இடையில் ரிபாம்பிசின் என்னும் ஆற்றல்மிக்க மருந்தும், அதைக் கொண்டு சிகிச்சைக் காலத்தை ஆறு மாதமாகக் குறைத்த கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வுகளும் வந்து சேர்ந்திருந்தன. அவற்றையும் அதே பிரிட்டிஷ் கவுன்சிலே முன்னின்று நடத்தியது.

ஐசோனியசிட்டின் ஆற்றலை மூன்று நிறுவனங்கள் கண்டறிந்தன. அந்த மருந்தைப் பெருமளவில் தயாரித்து விற்கவும் செய்தன. அதை எங்கே வைத்து உண்ணலாம் என்று சோதிப்பதில் அவற்றுக்கு ஆதாயம் இருக்கவில்லை. சானடோரியங்களை நடத்தியவர்களுக்கோ தங்கள் படுக்கைகள் தேவையற்றவை என்று நிறுவும் முயற்சியில் ஆர்வம் தோன்ற வழியில்லை. காப்புரிமை இல்லாத இரண்டு மருந்துகளையும், கட்ட வேண்டாத மருத்துவமனைகளையும் விடையாகத் தரக்கூடிய ஒரு கேள்வியில், அந்த மருத்துவமனைகளைத் தம் செலவில் கட்ட வேண்டியிருந்த அரசுகளுக்கு மட்டுமே நேரடி அக்கறை இருந்தது. மக்கள் பணத்தில் நடக்கும் ஆய்வுக்குரிய தனி இடம் எது என்று வினவுவோர்க்குச் சேத்துப்பட்டு அளிக்கும் தெளிவான விடை இதுவே. விடை கிடைத்த பின்பும் அதே பொது நிதி அதை நிறைவேற்றத் தொடர்ந்து வரவேண்டும் என்பதை அடுத்த முப்பதாண்டு உணர்த்தியது.

ஐந்தாண்டுக்கெனத் தொடங்கிய மையம் 1978-இல் காசநோய் ஆய்வு மையம் எனவும், 2011-இல் தேசியக் காசநோய் ஆய்வு நிறுவனம் எனவும் பெயர் மாறி, இன்றும் அதே சாலையில் இயங்குகிறது. மருந்தின் கேள்விக்குச் சென்னையில் விடை கிடைத்த அதே காலத்தில், தடுப்பூசியின் கேள்வி விடையின்றி நின்றது. பி.சி.ஜி. தடுப்பூசி பெரியோரின் நுரையீரல் நோயைத் தடுக்கிறதா என்று அறிய, 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்களிடையே தொடங்கிய ஆய்வும், எவரும் எதிர்பாராத அதன் முடிவும் அடுத்த பகுதியில் கூறப்படும்.